முள்ளின் முணுமுணுப்பை முழங்கவைக்கும் பெட்டி! தெரியுமா?

ஒரு பென்டார்ச் பேட்டரியில் 1.5 வோல்ட் இருக்கிறது. ஜப்பானின் டெனான் நிறுவனமும் அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யும் சேர்ந்து 1960-களில் உருவாக்கிய டிஎல்-103 கார்ட்ரிட்ஜ் (முள்ளின் அசைவை மின்சாரமாக்கும் உறுப்பு), இசைத்தட்டின் மேல் ஓடும்போது எவ்வளவு மின்னழுத்தம் தரும் தெரியுமா? வெறும் 0.3 மில்லிவோல்ட்! பேட்டரியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு! அந்தத் துளியை வாங்கி, சுமார் ஆயிரம் மடங்கு பெருக்கி, ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கிற பெட்டிதான் ஃபோனோ ப்ரீஆம்ப். புதுக் காரின் விலையைத் தாண்டும் ஃபோனோ ப்ரீஆம்ப்கள்கூட உலகில் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்குவது இருக்கட்டும். அதன் தரத்தைக் காதால் எடைபோடுவது எப்படி? அங்கேதான் ஆச்சரியங்கள் வரிசைகட்டி நிற்கின்றன!

முதலில் முள் எவ்வளவு அசைகிறது என்று பாருங்கள். அந்த 0.3 மில்லிவோல்ட் வருவது, 1,000 ஹெர்ட்ஸ் சுரத்தில் முள் நொடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தில் ஆடும்போது. கணக்குப் போட்டால் நடுவிலிருந்து பக்கவாட்டில் அது நகரும் தூரம் 8 மைக்ரான்தான். அதைவிட 60 டெசிபல் மெல்லிய ஒலிக்கு? 8 நானோமீட்டர்! ஊதா நிற ஒளியின் அலைநீளத்தில் ஐம்பதில் ஒரு பங்கு! பாடகி மூச்சை இழுத்துக்கொள்ளும் அந்த நொடி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட நுண்ணியதாக பிளாஸ்டிக்கில் பதிந்து கிடக்கிறது.

இன்னொன்று தெரியுமா? எல்.பி. இசைத்தட்டில் இருக்கும் இசை, வேண்டுமென்றே ‘தப்பாக’ப் பதியப்பட்டது! தாழ்ந்த ஒலிகளை அடக்கி, உயர்ந்த ஒலிகளைத் தூக்கித்தான் தட்டில் வெட்டுகிறார்கள். ஏன்? முன்பு சொன்ன அதே வேகத்தில் 20 ஹெர்ட்ஸ் ஒலியை அப்படியே வெட்டினால், முள் இருபுறமும் 0.4 மில்லிமீட்டர் ஆட வேண்டியிருக்கும். ஆனால் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் ஓடும் தட்டில், ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் சுமார் எட்டு வரிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. ஒரு வரி பக்கத்து வரிக்குள் பாய்ந்துவிடும்! அதனால்தான் பேஸ் அடக்கப்படுகிறது. ட்ரெபிளைத் தூக்கிப் பதிவதோ தட்டின் உராய்வு இரைச்சலைத் தோற்கடிக்க; கேட்கும்போது இரண்டையும் சேர்த்து இறக்கிவிடலாம் அல்லவா!

இந்தத் தலைகீழ்ப் பதிவை நேராக்குவதுதான் ஃபோனோ ப்ரீஆம்பின் இரண்டாவது வேலை. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. 1954-இல் இதற்கு ஒரு பொது அளவுகோலை, அதாவது ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவை, வகுத்தது. அதன்படி 20 ஹெர்ட்ஸுக்கும் 20,000 ஹெர்ட்ஸுக்கும் இடையே ப்ரீஆம்ப் பெருக்கத்தில் காட்ட வேண்டிய வேற்றுமை ஏறத்தாழ 39 டெசிபல். மின்னழுத்தத்தில் தொண்ணூறு மடங்கு! 1954-க்கு முன்பு கொலம்பியாவுக்கு ஒரு வளைவு, டெக்காவுக்கு ஒரு வளைவு என்று ஆளுக்கொரு வழி. பழைய தட்டுகளுக்காகவே சில உயர்விலைப் பெட்டிகளில் வளைவை மாற்றும் குமிழ்கள் உண்டு.

கால் நூற்றாண்டு கழித்து நடந்ததுதான் என்னை வாய்பிளக்க வைக்கிறது. 1979-இல் ஸ்டான்லி லிப்ஷிட்ஸ் என்ற கணிதப் பேராசிரியர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். புழக்கத்தில் இருந்த பல ப்ரீஆம்ப்களில் இந்த வளைவே பிசகி இருக்கிறது, வடிவமைப்பாளர்கள் நம்பிய சூத்திரங்களிலேயே கோளாறு என்று எடுத்துக்காட்டினார். அரை டெசிபல் பிசகு பல ஸ்தாயிகளுக்குப் பரவி நின்றாலே காது உணர்ந்துவிடும். “இந்தப் பெட்டியில் வயலின் பளிச்சென்று இருக்கிறது, அதில் குரல் கனிவாக இருக்கிறது” என்று ரசிகர்கள் சிலாகித்ததில் எத்தனை சூத்திரப் பிழையோ!

சரி, எடைபோடுவதை எங்கே தொடங்குவது? இசையே இல்லாமல்! முள்ளைத் தூக்கி வைத்துவிட்டு, வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டுங்கள். ஸ்பீக்கரில் காதை வையுங்கள். ‘ஸ்ஸ்’ என்ற சீறலும் ‘ம்ம்’ என்ற ஹம்மும் கேட்கும். இரண்டும் வேறு வேறு கதை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு, நடு ஒலியைவிட ஏழு மடங்கு கூடுதலாகப் பெருக்குகிறது. எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டு வரும் துளி ஹம் கூடப் பூதாகரமாகிவிடும்! பெட்டியை ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இரண்டு அடி தள்ளி வைத்துப் பாருங்கள். ஹம் குறைந்தால் தவறு பெட்டியுடையது அல்ல, இடத்தினுடையது. இதைச் செய்து பார்க்காமல் ஒரு ப்ரீஆம்பை ஒதுக்குவது பெரும் அநியாயம்.

சீறலுக்கோ இயற்கையே ஒரு எல்லை போட்டிருக்கிறது! வெப்பத்தால் கம்பிக்குள் எலெக்ட்ரான்கள் துள்ளிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அளந்தார், நைக்விஸ்ட் கணக்கிட்டார். இருவரும் 1928-இல் வெளியிட்டார்கள். டிஎல்-103-இன் சுருள் 40 ஓம். கேட்கும் ஒலி எல்லைக்குள் அதுவே சுமார் 0.12 மைக்ரோவோல்ட் இரைச்சல் போடும். எத்தனை லட்சம் கொட்டினாலும் எந்த ப்ரீஆம்பாலும் அதைத் துடைக்க முடியாது! அதற்கு மேல் தன் பங்குக்கு எவ்வளவு குறைவாகச் சேர்க்கிறது என்பதில்தான் அதன் சாமர்த்தியம்.

அடுத்தது, இரண்டு பெட்டிகளை ஒப்பிடுவது. இதில்தான் கெட்டிக்காரக் காதுகளும் ஏமாறுகின்றன. சற்றே உரக்கப் பாடும் பெட்டி ‘நல்ல’ பெட்டியாகத் தோன்றும்! ஒலியளவு ஏற ஏறக் காது பேஸை இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே காட்டிவிட்டார்கள். வெறும் ஒலியளவு வேறுபாடு, “ஆகா, என்ன கனம், என்ன நிறைவு!” என்று மாறுவேடம் போட்டு வருகிறது. பரிசோதனைத் தட்டில் 1,000 ஹெர்ட்ஸ் சுரத்தை ஓடவிடுங்கள். ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே வோல்ட் வரும்படி ஒலியைத் திருத்துங்கள். ஒரு சதவீதத்துக்குள் வந்தால் வேறுபாடு 0.1 டெசிபலுக்குள் அடங்கிவிடும். எது ஓடுகிறது என்று சொல்லாமல் இன்னொருவர் மாற்றித் தரட்டும். இந்தச் சிரமம் எடுக்காத எந்தத் தீர்ப்பையும் நான் நம்புவதில்லை.

கேபிளை மாற்றினால் ஒலி மாறும் தெரியுமா? மூவிங் மேக்னெட் (காந்தம் அசையும்) வகைக் கார்ட்ரிட்ஜில் இது கட்டுக்கதை அல்ல, பள்ளிக்கூட இயற்பியல்! அதன் சுருளின் இண்டக்டன்ஸ் 500 மில்லிஹென்றி, கேபிளும் ப்ரீஆம்பும் சேர்ந்த கெபாசிட்டன்ஸ் 250 பிகோஃபாரட் என்றால், 14,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு ஒத்ததிர்வு உண்டாகும். கேட்கும் எல்லைக்குள்ளேயே! கேபிள் மாறினால் அந்த இடமும் நகரும்.

தட்டின் ‘டிக்’, ‘டக்’ கூட ப்ரீஆம்பைக் காட்டிக்கொடுக்கும்! தூசியில் முள் மோதும்போது, இசையைவிடப் பல மடங்கு பெரிய துடிப்பு ஒரு கணம் பாயும். தாங்கும் வலு இல்லாத சுற்று அதில் திணறி, மீள நேரம் எடுக்கும். ‘டிக்’ நீண்டு முகத்தில் அறையும். வலுவுள்ள சுற்றில் அது சட்டென்று வந்து போய்விடும். அதே தட்டு, அதே கீறல்!

எதைப் போட்டுக் கேட்பது? ஃப்ரிட்ஸ் ரைனர் சிகாகோ சிம்ஃபனியை நடத்தி 1954-இல் ஆர்.சி.ஏ.வுக்காகப் பதிவுசெய்த ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘ஆல்ஸோ ஷ்ப்ராக் ஸரதுஸ்த்ரா’வை ஆடியோ ரசிகர்கள் விடவே மாட்டார்கள். ஸ்டீரியோ எல்.பி. சந்தைக்கு வரும் முன்பே ஸ்டீரியோ டேப்பில் பிடிக்கப்பட்ட இசை அது! தொடக்கத்தில் உறுமும் அடிச்சுரம் 33 ஹெர்ட்ஸ் அருகே. ஹம் உள்ள பெட்டி இங்கே அகப்பட்டுக்கொள்ளும். என் தேர்வைக் கேட்டால் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய எச்.எம்.வி. எல்.பி. ஒன்று. குரல் மேலே எழும்போது பின்னாலிருக்கும் தம்புரா என்ன ஆகிறது என்று கவனியுங்கள். நல்ல ப்ரீஆம்பில் அது ஒதுங்காது, மங்காது. மீட்டிய ஒவ்வொரு தந்தியும் தனித்தனியே ரீங்கரிப்பதைப் பின்தொடரலாம்.

ஒரு எச்சரிக்கை! தட்டின் வெளி ஓரத்தில் வரி முள்ளைக் கடக்கும் வேகம் நொடிக்கு 51 சென்டிமீட்டர்; லேபிளை நெருங்கும்போது 21 சென்டிமீட்டர்தான். அதே இசை பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கப்படுகிறது, முள் தடுமாறுகிறது. அதனால் ப்ரீஆம்பை எடைபோட முதல் பாட்டையே வையுங்கள். கடைசிப் பாட்டில் கேட்கும் கரகரப்புக்குப் பெரும்பாலும் அது பொறுப்பல்ல.