50 லிட்டர் என்று எழுதியிருந்த பெட்டி

பருப்பும் எண்ணெயும் மொத்த வியாபாரம் செய்கிறவன், காரின் பின்பக்கம் வைத்துப் பாட்டுக் கேட்கும் பெட்டியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். சென்ற ஆண்டுவரை நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஆனால் 1,80,000 ரூபாய்க்கு ஜாமீன் நின்றவனுக்கு அடுத்தவன் சரக்கும் சொந்தச் சரக்குதான்.

என் அக்காள் மகன் மதுரையில் புறவழிச் சாலை ஓரமாகக் கார் சாமான்கள் கடை வைத்திருக்கிறான். சீட் உறை, மிதியடி, ஹாரன் என்று ஆரம்பித்து, பிறகு ஸ்டீரியோவும் சப்வூஃபரும் மாட்டிக் கொடுக்கத் தொடங்கினான். சப்வூஃபர் என்பது தாழ்ந்த ஒலிக்கு மட்டும் உள்ள பெரிய ஸ்பீக்கர்; தவில் தொப்பியில் அடித்தால் வயிற்றில் கேட்குமே, அந்த ஒலி. வெளியூர் மொத்தக்காரர் ஒருவரிடம் 12 அங்குல ஸ்பீக்கர்களைக் கடனுக்கு எடுத்தான். அந்தக் கடனுக்குத்தான் என் கையெழுத்து. பெட்டிகளை உள்ளூர் ஆசாரியிடம் செய்யச் சொன்னான். ஒன்பது பெட்டி செய்தார். நான்கு விற்றன. ஒரே மாதத்தில் மூன்று திரும்பி வந்தன. மூன்றிலும் ஒரே நோய்தான்: பாட்டுப் போட்டால் 'டக், டக்' என்று தகரத்தில் தட்டுகிற சத்தம்.

"மாமா, அந்த ஆள் மட்டச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார். பாக்கியைக் கொடுக்கப் போவதில்லை" என்றான். எனக்குப் பகீரென்றது. அவன் கொடுக்காவிட்டால் கேள்வி என்னிடம்தானே வரும்? மொத்தக்காரரையே வரச் சொன்னேன். அவர் நம் கண்முன்னால் ஒரு ஸ்பீக்கரைப் பிரித்துக் காட்டினார். உள்ளே கம்பி சுற்றிய சிறு குழல், அதற்கு வாய்ஸ் காயில் என்று பெயர், அதன் அடிவிளிம்பு காந்தத்தின் பின்தட்டில் மோதி மோதி நசுங்கியிருந்தது. "இது கருகிய சரக்கு இல்லை அண்ணாச்சி, மோதிய சரக்கு. பெட்டியைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"பெட்டி என்ன அளவு மாப்ளே?" என்று கேட்டேன்.

"50 லிட்டர் மாமா. பெட்டியிலேயே எழுதியிருக்கிறது."

"அளந்தது யார்?"

பதில் இல்லை. ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டிக்குள் ஒரு தாள் கிடந்தது. நிகர உள்ளளவு 50 லிட்டர், சுருதி 35 ஹெர்ட்ஸ் என்று அதில் அச்சிட்டிருந்தது. ஒருவரும் அதைப் படிக்கவில்லை.

இந்த இடத்தில் பெட்டியின் சூட்சுமத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரின் கோன் என்கிற கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்னொலியும் பின்னொலியும் ஒன்றுக்கொன்று எதிர். பெட்டி இல்லாமல் வைத்தால் ஒன்றை மற்றொன்று தின்றுவிடும். தாழ்ந்த ஒலி கேட்கவே கேட்காது. முழுக்க மூடிய பெட்டியில் வைத்தால் பின்னொலி உள்ளேயே அடங்கிவிடும். மூன்றாவது வழி, பெட்டியில் ஒரு குழாய் வைப்பது. பின்னொலி வீணாகாமல் குழாய் வழியாகத் திரும்பி, முன்னொலியோடு சேர்ந்து வெளியே வரும். இதற்கு அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் 1932இல் காப்புரிமை பெற்றார். எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெட்டி, எவ்வளவு குழாய் என்பதைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் ஆஸ்திரேலிய எஞ்சினியர் நெவில் தீல். அவருடைய கட்டுரை 1961இல் வந்தது. சிட்னியில் ரிச்சர்ட் ஸ்மால் என்பவர் 1970களில் அதை விரிவாக்கினார். நல்ல ஸ்பீக்கரோடு வரும் தாளில் உள்ள எண்களுக்கு இன்றும் இந்த இருவர் பெயர்தான்.

குழாய்ப் பெட்டிக்கு ஒரு சுருதி உண்டு. காலிப் புட்டியின் வாயில் ஊதிப் பார்த்தால் 'பூம்' என்று ஒரு ஒலி வருமல்லவா, அதே சங்கதிதான். புட்டியில் பாதித் தண்ணீர் ஊற்றிவிட்டு ஊதினால் ஒலி மேலே ஏறும். உள்ளே காற்றுக்கு இடம் குறைந்தால் சுருதி ஏறுகிறது. கழுத்து நீளமானால் சுருதி இறங்கும். கழுத்து அகலமானால் ஏறும். இந்த மூன்றும் மனதில் இருந்தால் பெட்டிக் கணக்கு முழுவதும் பிடிபட்டுவிடும்.

பெட்டி தன் சுருதியில் பாடும்போது வேலையெல்லாம் குழாய்க் காற்றுக்குத்தான். கோன் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அந்தச் சுருதிக்குக் கீழே உள்ள ஒலி வந்தாலோ, காற்று குழாய் வழியே சும்மா உள்ளே போய் வெளியே வரும். கோனுக்குப் பின்னால் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. பெட்டியே இல்லாததுபோல் அது எகிறி அடிக்கும். மொத்தக்காரர் காட்டிய நசுங்கல் இதனால் வந்ததுதான்.

நம் பெட்டியை அளப்போம் என்றேன். டேப் வைத்து அளந்தால் வெளியே 46 செ.மீ., 34 செ.மீ., 32 செ.மீ. பெருக்கினால் சரியாக 50 லிட்டர்! சாக்கோடு எடை போட்டு அரிசிக் கணக்கு எழுதியது போலத்தான். பலகை 18 மி.மீ. கனம். இரண்டு பக்கமும் கழித்தால் உள்ளே 42.4, 30.4, 28.4 செ.மீ.; அதாவது 36.6 லிட்டர்தான். எனக்குக் கணக்கைவிட அரிசியில் நம்பிக்கை அதிகம். குழாய்களில் துணியை இறுக்கமாகத் திணித்துவிட்டு, ஸ்பீக்கர் ஓட்டை வழியாக அரிசியைக் கொட்டினோம். 25 கிலோ சிப்பம் ஒன்று முழுதாக இறங்கி, மேலும் இரண்டு கிலோ பிடித்தது. முத்திரை போட்ட லிட்டர்ப் படியால் திரும்ப அளந்து எடுத்தால் 34 லிட்டர். ஸ்பீக்கரின் உடம்பு உள்ளே அடைத்துக்கொள்ளும் இடம் 3 லிட்டர். நிகரம் 31 லிட்டர். 50க்கு 31! நம் கடையில் இப்படி எடை போட்டிருந்தால் முத்திரை ஆய்வாளர் கடையைப் பூட்டச் சொல்லியிருப்பார்.

அதோடு முடியவில்லை. பெட்டியில் ஒன்றுக்கு இரண்டு குழாய் இருந்தது. ஆசாரியைக் கேட்டேன். "தம்பி வெளியளவு சொன்னார், அப்படியே அடித்தேன். சத்தம் பத்தவில்லை என்றார், இன்னொரு குழாய் போட்டேன்" என்றார். அவர் மேல் என்ன குற்றம் சொல்வது? 10 செ.மீ. உள்விட்டம், 15 செ.மீ. நீளம் உள்ள குழாய் ஒன்று இருந்தபோதே சுருதி 57 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்திருக்கும். இரண்டாவது குழாய், கழுத்தை அகலமாக்கியதற்குச் சமம். சுருதி 80ஐயும் தாண்டிவிட்டது. தாளில் இருப்பதோ 35. உயர்ந்த சுருதியில் டிரம் அடி 'டம் டம்' என்று பலமாகக் கேட்கும். வாடிக்கையாளரும் தலையாட்டி வாங்கிப் போவார். அதற்குக் கீழே உள்ள ஒவ்வொரு ஒலியிலும் ஸ்பீக்கர் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும்.

புதுப் பெட்டிக்கு அவனும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கம்ப்யூட்டரில் இதற்கென்றே கணக்குகள் உண்டு. ஆனால் கையால் போட்டால்தான் எது எதை இழுக்கிறது என்று தெரியும். குழாயின் உள்விட்டத்தைச் செ.மீ.இல் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, பிறகு 23,562ஆல் பெருக்க வேண்டும். 10 செ.மீ. குழாய்க்கு 23,56,200 வரும். அடுத்து, வேண்டிய சுருதியை அதாலேயே பெருக்கி, நிகர லிட்டரால் பெருக்க வேண்டும். 35ஐ 35ஆல் பெருக்க 1,225. அதை 50ஆல் பெருக்க 61,250. முதல் தொகையை இரண்டாவதால் வகுத்தால் 38.5. குழாயின் இரண்டு வாய்க்கும் வெளியே உள்ள கொஞ்சம் காற்றும் கூடவே ஆடுவதால், அதற்குக் கழிவாக உள்விட்டத்தில் 0.73 பங்கு, அதாவது 7.3ஐக் கழிக்க வேண்டும். மீதி 31 செ.மீ. இதுதான் குழாயின் நீளம்.

இரண்டு குழாய் வேண்டும் என்றால்? முதல் தொகை இரட்டிக்கும். ஒவ்வொரு குழாயும் ஏறக்குறைய 70 செ.மீ. நீளம் வேண்டும். பெட்டியே அவ்வளவு நீளம் இல்லை. சும்மா ஒரு ஓட்டை கூடப் போட்டால் போதும் என்கிறவர்களுக்கு இந்த ஒரு கணக்கைக் காட்டினால் போதும். அதே சமயம் குழாய் மிகவும் ஒல்லியாக இருந்தால், சத்தம் கூட்டும்போது காற்று 'புஸ் புஸ்' என்று இரையும். 12 அங்குல ஸ்பீக்கருக்கு 10 செ.மீ. குழாய் ஒன்று என்பதே கொஞ்சம் சிக்கனம்தான். வாயை உள்ளும் வெளியும் மழுக்கி உருட்டிவிட்டால் இரைச்சல் குறையும்.

குழாய் வாங்குவதிலும் ஒரு பொறி உண்டு. 110 மி.மீ. என்று விற்கும் பி.வி.சி. குழாயில் அந்த அளவு வெளிவிட்டம். கணக்குக்கு வேண்டியது உள்விட்டம். கடையிலேயே அளந்து வாங்க வேண்டும்.

பெட்டிக்கு உள்ளளவு 60, 32, 30 செ.மீ. என்று முடிவு செய்தோம். மொத்தம் 57.6 லிட்டர். ஸ்பீக்கருக்கு 3, குழாய்க்கு 3, உள்ளே குறுக்குக் கட்டைக்கு ஒன்றரை கழித்தால் நிகரம் 50 லிட்டர். வெளியளவில் பார்த்தால் இதே பெட்டி 76 லிட்டர்! டிக்கியில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். 31 செ.மீ. குழாயை முன்பக்கம் வைத்தால் பின்பலகையில் முட்டும். அதனால் பக்கவாட்டில், 60 செ.மீ. நீளவாக்கில் படுக்க வைத்தோம். குழாயின் உள்வாய்க்கு எதிரே குறைந்தது அதன் விட்டத்தின் அளவு வெற்றிடம் வேண்டும். மூட்டுகளில் மரப்பசையும் ஸ்க்ரூவும், உள்மூலைகளில் சிலிக்கான் பூச்சும். காற்று கசிகிறதா என்று பார்க்கப் பாட்டைப் போட்டுவிட்டு ஊதுபத்தியை மூட்டுகளின் ஓரமாகக் கொண்டுபோனேன். ஓர் இடத்தில் புகை துடித்தது. அதையும் அடைத்தார் ஆசாரி.

குழாயை முதலில் 33 செ.மீ. விட்டுத்தான் வெட்டினோம். நீளம் கூடினால் பிறகு குறைக்கலாம். சுருதி பார்க்கக் கருவி ஒன்றும் வேண்டாம். செல்போனில் ஒரே ஒலியை எழுப்பும் வசதி உண்டு. சத்தத்தைக் குறைவாக வைத்து, 50 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கினோம். பெட்டியை மல்லாத்தி, கோனில் நாலு கடுகு போட்டு வைத்தேன். மருமகன் சிரித்தான். 50இல் துள்ளிய கடுகு, 40இல் தணிந்து, 34இல் படுத்துவிட்டது. 30க்குப் போனதும் மறுபடி துள்ளல். 2 செ.மீ. வெட்டியதும் 35இல் படுத்தது.

ஆம்ப்ளிபயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அட்டையில் கொட்டை எழுத்தில் 1,200 வாட்ஸ் என்று இருக்கும். பொடி எழுத்தில் உள்ள ஆர்.எம்.எஸ். எண்தான் நிகர எடை. அதையும் நம்பாதவர்கள் ஃபியூஸைப் பார்க்கலாம். 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட ஆம்ப், ஓடுகிற காரின் 14 வோல்ட்டில் இழுக்கக்கூடியது 420 வாட்ஸ். உள்ளே போவதே அவ்வளவுதான் என்றால், சூடாகப் போனது போக 1,200 எப்படி வெளியே வரும்? ஆம்பில் சப்சானிக் என்று ஒரு திருகு இருந்தால் அதைச் சுருதிக்குச் சற்றுக் கீழே, 30 பக்கம் வைக்க வேண்டும். பெட்டி தாங்காத ஒலியை அது வாசலிலேயே நிறுத்திவிடும். இந்தத் திருகு இல்லாத ஆம்போடு குழாய்ப் பெட்டியை விற்பது சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

சின்னக் கார் வைத்திருப்பவரிடம் 76 லிட்டர் பெட்டியைத் திணிக்கவும் கூடாது. அவருக்கு மூடிய பெட்டி போதும். இடம் குறைவு, தவறு செய்தாலும் மன்னிக்கும். உள்ளே அடைபட்ட காற்றே கோனை வில்போல் பிடித்துக்கொள்ளும். மூடிய காருக்குள் தாழ்ந்த ஒலி தானாகவே கொஞ்சம் கூடிக் கேட்பதால் பெரிய நஷ்டமும் இல்லை. விற்காமல் கிடந்த ஐந்து பழைய பெட்டிகளையும் இந்த வழியில்தான் காப்பாற்றினோம். குழாய்களைப் பிடுங்கி, ஓட்டைகளைப் பலகையால் அடைத்து, '33 லிட்டர், மூடியது' என்று எழுதி வைத்தோம். மூன்று மாதத்தில் விற்றுவிட்டன.

கெட்டுப்போன மூன்று ஸ்பீக்கருக்கும் பதில் ஸ்பீக்கரும் புதுப் பெட்டியும் மருமகன் கைக்காசில் கொடுத்தான். மொத்தக்காரரிடம் நானே கூடப் போய், தவறு நம்முடையது என்று சொல்லி, பாக்கிக்கு ஆறு தவணை வாங்கினேன். மூன்று கேட்கத்தான் நினைத்திருந்தேன். அவரே ஆறு கொடுத்தார்.

நான்காவது வாடிக்கையாளர் மட்டும் திரும்பி வரவே இல்லை. அவருடைய ஸ்பீக்கர் இன்னும் சாகவில்லை. "நாமாகப் போய்ச் சொல்ல வேண்டுமா மாமா?" என்று கேட்டான். போன் போடு என்றேன். அவர் அரை மனதோடு வந்தார். பெட்டியை மாற்றிக் கொடுத்தோம். பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, "முன்னே மாதிரி டம் டம் என்று இல்லையே" என்று குறைப்பட்டார். மருமகன் வேறொரு பாட்டைப் போட்டான். அதில் அடியில் ஓடும் ஒரு கிட்டார் ஒலி, பழைய பெட்டியில் கேட்டதே இல்லையாம். காரின் கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு முறை கேட்டார். இப்போது கடையில் ஒவ்வொரு பெட்டியின் பின்புறத்திலும் உள்ளளவு, நிகர லிட்டர், சுருதி மூன்றும் பெயிண்டால் எழுதியிருக்கிறது. லிட்டர்ப் படி ஒன்றும் என் கடையிலிருந்து அங்கே போய்விட்டது, திருப்பிக் கேட்கவில்லை.