கடல்கட்டியும் மூன்று பேராசிரியர்களும்

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் தென்பாண்டிக் கடற்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து வணிகர் மார்க்கோ போலோ, இங்கு முத்துக்குளிக்கும் முறையை விரிவாக எழுதி வைத்துள்ளார். அதில் ஒரு செய்தி விந்தையானது. முத்துக்குளிப்பவரைச் சுறாமீன் தீண்டாதபடி மந்திரத்தால் அதன் வாயைக் கட்டுவோர் இருந்தனராம். எடுக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு உரியது. மந்திரம் பகலில் மட்டுமே பலிக்கும். இரவு வந்ததும் அவர்களே கட்டை அவிழ்த்துவிடுவார்கள். (இரவில் திருட்டுத்தனமாகக் குளிக்க எவரும் துணியாதிருக்க இதைவிட மலிவான காவல் வேறு ஏது!)

கடல்கட்டி என்று பெயர் பெற்ற இவர்கள் ஆங்கிலேயர் ஆட்சியிலும் சலாபம் நடக்கும்போதெல்லாம் வரவழைக்கப்பட்டார்கள். அதிகாரிகளுக்கு மந்திரத்தில் நம்பிக்கை இருந்தது என்று எண்ண வேண்டாம். கடல்கட்டி கரையில் நின்றால்தான் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்க ஆள் கிடைக்கும் என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள்.

முத்துக்குளிப்பில் சுறாவால் உயிரிழந்தவர் மிகச் சிலரே. அப்படியானால் மந்திரம் பலித்தது என்று கொள்ளலாமா?

ஒரு தாளில் நான்கு கட்டங்கள் வரையுங்கள். மந்திரம் சொன்ன நாளில் சுறா கடித்தது. சொன்ன நாளில் கடிக்கவில்லை. சொல்லாத நாளில் கடித்தது. சொல்லாத நாளில் கடிக்கவில்லை. முதலிரண்டு கட்டங்களுக்குக் கணக்கு கிடைக்கும். மற்ற இரண்டும் வெறுமை. ஏனெனில் மந்திரமில்லாத நாளில் எவரும் குளிக்கவே இல்லை! நூற்றுக்கணக்கான தோணிகள் ஒரே பாரில் கூடி எழுப்பும் ஆரவாரத்தைக் கண்டே சுறா விலகியிருக்கலாம். அந்தப் பருவத்தில் அங்கே சுறா குறைவாகவும் இருந்திருக்கலாம். நான்கு கட்டமும் நிரம்பாத வரையில் மந்திரம் பலித்தது என்று சொல்ல இடமில்லை.

இவ்வாறு கணக்குப் பார்ப்பதையே ஒரு பல்கலைக்கழகப் பாடமாக அமைத்தவர்கள் மூவர். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2013-இல் அவர்கள் தொடங்கிய பாடத்தின் பெயர் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி அண்ட் சயின்ஸ்’. ஜேன் ஆஸ்டின் எழுதிய நாவலின் பெயரோடு விஞ்ஞானத்தையும் சேர்த்துக்கொண்ட வேடிக்கை அது. விஞ்ஞான மாணவர்களுக்கு மட்டும் ஏற்பட்டதன்று. எத்துறை மாணவரும் சேரலாம்.

மூவரில் ஒருவர் சால் பெர்ல்மட்டர் என்னும் பௌதிக அறிஞர். சூப்பர்நோவா எனப்படும் வெடிக்கும் விண்மீன்களைக் கொண்டு பிரபஞ்சம் விரியும் வேகத்தை அளக்க 1988-இல் இவர் குழு முனைந்தது. முதல் சில ஆண்டுகளில் பயன்படக்கூடிய ஒரு விண்மீன்கூட அகப்படவில்லை. பொருள்களின் ஈர்ப்பால் பிரபஞ்சத்தின் விரிவு மெல்லத் தளர்ந்து வருகிறது என்றே எல்லோரும் எண்ணியிருந்தனர். எவ்வளவு தளர்கிறது என்பதே கேள்வி. கிடைத்த விடையோ நேர் மாறானது. விரிவு வேகம் பெற்று வருகிறது! எங்கோ பிழை என்று ஐயுற்றுக் குழுவினர் ஒவ்வொரு படியையும் திரும்பத் திரும்பச் சோதித்தனர். போட்டியாக உழைத்த மற்றொரு குழுவும் 1998-இல் அதே முடிவுக்கு வந்தது. அக்குழுவின் பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் ஆகியோருடன் பெர்ல்மட்டர் 2011-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எதிர்பாராத விடை வந்ததால் பிழை தேடினார்கள். எதிர்பார்த்த விடையே வந்திருந்தால் அவ்வளவு தேடியிருப்பார்களா? இந்தப் பலவீனத்தை ஆராய்பவர் இரண்டாமவரான ராபர்ட் மக்கூன் என்னும் மனோதத்துவ அறிஞர். பரிகாரமாக அவரும் பெர்ல்மட்டரும் வலியுறுத்துவது ‘கண்ணைக் கட்டிக்கொண்டு’ கணக்கிடும் முறை. அளவுகளோடு எவருக்கும் தெரியாத ஓர் எண்ணைக் கூட்டி விடையை மறைத்துவிட வேண்டும். சோதனைகளை எல்லாம் முடித்த பிறகே மறைவை நீக்க வேண்டும். விடை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதன்பின் மாற்றக் கூடாது.

மூன்றாமவர் ஜான் கேம்பெல், தத்துவப் பேராசிரியர். ‘இதனால் இது நிகழ்ந்தது’ என்று நாம் நாள்தோறும் சொல்கிறோமே, அதற்கு என்ன பொருள் என்ற வினாவில் ஈடுபட்டவர். இரண்டு பொருள்கள் சேர்ந்து காணப்பட்டால் போதாது; ஒன்றை நாமே மாற்றினால் மற்றது மாறுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது பாடத்தின் முக்கியப் பகுதிகளுள் ஒன்று. மாணவர் ஒரு கருத்தைச் சொன்னால் அதில் தமக்கு எத்தனை விழுக்காடு உறுதி என்பதையும் சேர்த்துச் சொல்லப் பழக வேண்டும். மூவரும் சேர்ந்து எழுதிய ‘தேர்ட் மில்லெனியம் திங்கிங்’ என்ற நூல் 2024-இல் வெளிவந்தது.

இனி நம் கடற்கரைக்கே திரும்புவோம். முத்து எதனால் உண்டாகிறது? சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்பது பழைய நம்பிக்கை. மணல்துகள் புகுந்து உறுத்துவதால் முத்து உண்டாகிறது என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். இதில் உங்களுக்கு எத்தனை விழுக்காடு உறுதி? சிப்பி தன் வாழ்நாளெல்லாம் மணலருகே கிடப்பது. மணலே காரணமானால் பெரும்பாலான சிப்பிகளில் முத்து இருக்க வேண்டும். குவியல் குவியலாகச் சிப்பியைத் திறந்து ஏமாந்தவர்களுக்குத்தான் உண்மை தெரியும்.

1902-இல் இலங்கை அரசின் வேண்டுகோளின்படி, மன்னார் வளைகுடாவில் அந்நாட்டுப் பக்கமுள்ள முத்துப்பார்களை ஆராய ஹெர்ட்மன் என்ற பேராசிரியர் வந்தார். உதவிக்கு வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். பின்னாளில் சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றியவர் இவரே. நாடாப்புழுவின் குஞ்சு சிப்பியின் உடலில் புகுந்து மடிய, அதைச் சுற்றியே நல்முத்து விளைகிறது என்று அவர்கள் முடிவு கட்டினர். சிப்பிகளில் அப்புழுக்கள் தாராளமாகவே இருந்தன. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஐரோப்பாவிலும் இலங்கையிலும் ஒட்டுண்ணிகள்மீது ஐயம் எழுந்திருந்தது. தேடியது கிடைத்துவிட்டது! ஆனால் நான்கு கட்டங்களை வரைந்தால், புழு இருந்தும் முத்து இல்லாத கட்டம் நிரம்பி வழியும்.

ஜேம்சன் என்ற மற்றொரு விஞ்ஞானி 1912-இல் இதை மறுத்தார். முத்தின் நடுவே புழு என்று காட்டப்பட்டவை உண்மையில் புழுக்கள் அல்ல, சிப்பியே சுரந்த சுண்ணப் பொருள் என்றார். முத்துக்குத் தேவை, அதைச் சூழ்ந்து சுரக்கும் ஒரு சிறு பை. ஓட்டின் உட்புறத்தை ஒட்டியுள்ள மேண்டில் என்னும் மெல்லிய போர்வைச் சதையின் மேற்புறச் செல்களால் ஆனது அது. ஓட்டின் பளபளப்பைச் சுரப்பவையும் அதே செல்கள்தாம்.

இதைச் சோதிக்க வழி உண்டு. மணியை மட்டும் சிப்பியின் உடலுக்குள் வைத்தால் முத்து விளைவதில்லை. மேண்டில் துண்டை மட்டும் வைத்தால், மணியே இல்லாமலும் கோணல்மாணலான சிறு முத்து விளையக்கூடும். இரண்டையும் ஒன்றையொன்று தொடும்படி வைத்தால் உருண்டை முத்து. ஜப்பானியர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டு தொழிலாக வளர்த்தது இந்த முறையைத்தான். நாடாப்புழுவையே நம்பியிருந்தால் முத்து வேண்டுபவர் புழுவை அல்லவா வளர்த்திருக்க வேண்டும்!

வேறொரு விதமான தவறும் எதிர்க்கரையில் நிகழ்ந்தது. 1905-இல் இலங்கைச் சலாபத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டே ஒரு லண்டன் கம்பெனி, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகை எடுத்தது. விரைவிலேயே பார்கள் வெறிச்சோடின. 1912-க்குள் கம்பெனி மூழ்கியது. ஒரு நல்ல ஆண்டை நிலையான போக்கென்று கொள்ளலாமா என்பது பெர்க்லி வகுப்பில் தனிப் பாடம். நம் பக்கத்துப் பார்களும் இப்படியே. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து முத்துக்குளிப்பு நடந்தது. அதன்பின் பார்கள் கைவிட்டன.

பார்கள் ஓய்ந்திருந்த அக்காலத்தில்தான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தில் டாக்டர் கே. அழகர்சாமி முத்து வளர்ப்பில் இறங்கினார். ஜப்பானியர் தம் கைப்பக்குவத்தை எளிதில் வெளியே விடாத காலம். எந்த இடத்தில் வெட்டுவது, மேண்டில் துண்டின் எந்தப் பக்கம் மணியைத் தொட வேண்டும், எவ்வளவு பெரிய மணியைச் சிப்பி தாங்கும் என்பதையெல்லாம் நம் சிப்பியிலேயே செய்து பார்த்துத்தான் அறிய வேண்டியிருந்தது. மணியைத் துப்பிவிடும் சிப்பிகளும் உண்டு, அறுவையில் மடிபவையும் உண்டு. தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் 1973 ஜூலையில் ஒரு சிப்பியைத் திறந்தபோது உருண்டையான முத்து கிடைத்தது. அதுவே இந்தியாவில் அம்முறையில் விளைந்த முதல் உருண்டை முத்து.

அதன்பின் எழுந்த கேள்வி, பார்கள் கைவிட்டால் சிப்பிக்கு எங்கே போவது என்பது. 1981-இல் தூத்துக்குடி ஆய்வுக்கூடத்துத் தொட்டிகளிலேயே முட்டை பொரித்து முத்துச்சிப்பிக் குஞ்சுகளை வளர்த்தெடுத்தார்கள்.