டீஸல் வண்டியின் எண்ணெய்க் குழாயில் ஒழுக்கு: வழியில் செய்யத்தக்க தற்காலிகப் பரிகாரங்கள்

அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டரோ, உரம் வாங்கச் சென்ற ஜீப்போ, ஊருக்கும் பட்டறைக்கும் நடுவழியில் நின்றுவிடுவது குடியானவர்களுக்குப் பெருந்தொல்லையாகும். இவ்வாறு நிற்பதற்குரிய காரணங்களுள் எண்ணெய்க் குழாயில் உண்டாகும் ஒழுக்கும் ஒன்று. ஒழுக்கு சிறிதானால், கைவசமுள்ள சாமான்களைக் கொண்டே அதனை அடைத்து, வண்டியைப் பட்டறை வரையில் கொண்டுசேர்த்தல் கூடும். ஆயினும் எல்லாக் குழாய்களும் இவ்வாறு கட்டத்தக்கவை அல்ல. கட்டத்தகாத குழாயைத் தொட்டதனால் விரலையும் கையையும் இழந்தவர் உண்டு. ஆகவே, ஒழுகும் குழாய் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் அறிந்து, பின்னரே அதில் கை வைத்தல் வேண்டும்.

எண்ணெய் செல்லும் வழி

ஜெர்மனியில் ருடால்ப் டீஸல் என்பவர் 1897-ஆம் ஆண்டில் செவ்வையாக ஓட்டிக் காட்டிய இவ்வகை என்ஜினில், பெட்ரோல் என்ஜினில் உள்ளதுபோல் தீப்பொறி கிடையாது. காற்றை மிகவும் அழுத்துவதனால் உண்டாகும் உஷ்ணத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. அழுத்தப்பட்ட அக்காற்றை எதிர்த்து எண்ணெயை உள்ளே பீச்ச வேண்டியிருத்தலின், அதனினும் பன்மடங்கு மிகுந்த அழுத்தம் எண்ணெய்க்கு அவசியமாகிறது.

டாங்கியிலுள்ள எண்ணெயைப் பீடு பம்பு இழுத்து, வடிகட்டியின் வழியாக இன்ஜெக்ஷன் பம்புக்கு அனுப்புகிறது. இவ்வளவு தூரமும் அழுத்தம் சொற்பமே. நாஸிலில் மிஞ்சிய எண்ணெயை டாங்கிக்குத் திருப்பிக் கொணரும் குழாயிலும் அவ்வாறே. ஆனால் இன்ஜெக்ஷன் பம்பிலிருந்து நாஸில் வரையில் செல்லும் கனத்த எஃகுக் குழாய்களின் நிலை வேறு. பழைய என்ஜின்களிலேயே அவற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு நூற்றுக்கணக்கான கிலோவாகும். 1997 முதல் கார்களில் வழக்கத்திற்கு வந்த காமன் ரெயில் முறையில், இக்காலத்தில் அது 1,500 கிலோவையும் கடக்கிறது. லாரி டயரில் அடைக்கப்படும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 8 கிலோவே என்பதை ஒப்பிட்டால், இவ்வேற்றுமை விளங்கும்.

தொடத் தகாத குழாய்

மேற்சொன்ன எஃகுக் குழாயில் ஊசிமுனை அளவு வெடிப்பு உண்டானால், எண்ணெய் வெண்புகை போல் பீறிடும். சில வேளைகளில் கண்ணுக்கும் புலப்படாது. ஒழுக்கு எங்கேயெனக் கையால் தடவிப் பார்ப்பவரின் தோலைத் துளைத்து அது தசைக்குள் பாய்ந்துவிடும். கையுறை அதனைத் தடுக்காது. காயம் முள் தைத்தது போன்றே தோன்றும். முதலில் வலியும் அதிகம் இராது. சில மணி நேரத்திற்குள் கை வீங்கி, தசை அழுகத் தொடங்கும். டீஸல் என்ஜினால் நேர்ந்த இத்தகைய காயத்தைக் குறித்து அமெரிக்க வைத்தியப் பத்திரிகை ஒன்றில் 1937-ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இவ்வாறு நேர்ந்தால், களிம்பு தடவிக்கொண்டு மறுநாள் வரையில் காத்திருத்தல் கூடாது. உடனே சஸ்திர வைத்தியம் செய்யும் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்று, மிகுந்த அழுத்தத்தில் டீஸல் உட்புகுந்தது எனத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். காயம் சிறிதாயிருத்தலைக் கண்டு எவரும் ஏமாறலாகாது.

எஃகுக் குழாயின் வெடிப்பு ரப்பருக்கோ, பசைக்கோ, ஈயப்பற்றுக்கோ அடங்காது. பழைய என்ஜினானால், அதனை நிறுத்தி ஆறவிட்டு, முனையிலுள்ள நட்டு தளர்ந்திருக்கிறதா எனப் பார்த்து இறுக்கலாம். அதனால் நிற்காவிடில், வண்டியைக் கட்டியிழுத்துச் செல்வதே முறை. காமன் ரெயில் வண்டியில் என்ஜின் நின்ற பின்னரும் சிறிது நேரம் அழுத்தம் எஞ்சியிருக்கும். அதன் நட்டுகளை வழியில் தொடுதலே கூடாது.

தீயினால் வரும் அபாயம்

டீஸல் எளிதில் பற்றாது என்பது பொதுவான எண்ணம். அகல் விளக்கிலுள்ள எண்ணெய் தானாகப் பற்றுவதில்லை. திரி நனைந்திருந்தால் உடனே பற்றிக்கொள்கிறது. டீஸலும் அத்தகையதே. ஒழுக்கின்மேல் சுற்றிய துணியும் சணலும் எண்ணெயில் ஊறித் திரியாகிவிடுகின்றன. புகைக்குழாயின் உஷ்ணம் அவற்றைப் பற்றவைக்கப் போதுமானது. ஆதலின், புகைக்குழாய்க்கு அருகில் உள்ள ஒழுக்கைக் கட்டிக்கொண்டு வண்டியை ஓட்டலாகாது. ஒழுக்கைத் தேடும்போது பீடி, தீக்குச்சி, அரிக்கேன் விளக்கு ஆகியவை அருகில் வரலாகாது. டாங்கி காலியாக இருந்தாலும், அதனுள் ஆவி நிறைந்திருக்கும். அதனைப் பற்றவைக்க முயல்வது வெடிக்கக் காரணமாகும்.

ஒழுக்கைக் கண்டறிதல்

வண்டியைச் சாலையோரத்தில் நிறுத்தி, சக்கரத்திற்குக் கல் வைத்து, டாங்கியின் அடியில் திருகு இருந்தால் அதனை மூடவேண்டும். என்ஜின் ஆறியபின் குழாய்களை நன்றாகத் துடைத்துவிட்டுக் கீழே காகிதம் விரித்தால், சொட்டு விழும் இடம் தெரியும். என்ஜினை ஓட்டித்தான் பார்க்கவேண்டுமாயின், நீண்ட கழியின் நுனியில் கட்டிய அட்டையைக் குழாயருகே காட்டி, அது நனைவதைத் தூரத்தில் நின்று கவனித்தல் வேண்டும்.

டாங்கி தாழ்வாக உள்ள ஜீப், கார் முதலியவற்றில், டாங்கிக்கும் பீடு பம்புக்கும் இடையே வெடிப்பு உண்டானால் எண்ணெய் வெளியே சொட்டாமலும் இருக்கலாம். அதற்குப் பதிலாகக் காற்று உள்ளே இழுக்கப்பட்டு, என்ஜின் விட்டுவிட்டு ஓடி நின்றுவிடும். வெளியே ஈரம் இல்லை என்பதனால் குழாயில் குற்றமில்லை என்று முடிவு செய்தல் தவறு.

சொற்ப அழுத்தமுள்ள குழாய்களுக்குரிய பரிகாரங்கள்

1. மூட்டு தளர்ந்திருத்தல்: ஒரு ஸ்பேனரால் மூட்டைப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் நட்டை இறுக்கவேண்டும், இல்லாவிடில் குழாய் முறுக்கிக்கொண்டு உடையும். செம்பு வாஷர் இறுகிப் போயிருந்தால், வண்டிக்குத் தூரத்தில் நெருப்பிலிட்டுச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்துத் துடைத்துப் போடலாம். செம்பு இளகி மீண்டும் நன்கு படியும்.

2. ரப்பர் குழாயின் நுனி வெடித்தல்: இது சாதாரணமாக நேர்வது. குழாய்க்கு நீளம் போதுமானால், வெடித்த நுனியை நேராக அறுத்தெறிந்துவிட்டு, நல்ல பகுதியை முனையில் செலுத்திக் கிளிப்பை இறுக்கினால் போதும்.

3. குழாயின் நடுவில் வெடித்தல்: குழாயைச் சோப்புத் தண்ணீரால் கழுவி உலர்த்தவேண்டும், எண்ணெய்ப் பசையின்மேல் எதுவும் பிடிக்காது. சைக்கிள் டியூபை ஓர் அங்குல அகல நாடாவாக வெட்டி, வெடிப்புக்கு இரண்டு அங்குலம் முன்பிருந்து தொடங்கி, இழுத்துப் பிடித்து, ஒரு சுற்றின் பாதியை மறு சுற்று மூடும்படி சுற்றி, மேலே கட்டுக்கம்பியால் இறுக்கவேண்டும். டீஸல் பட்டால் டியூப் ரப்பர் உப்பி இளகும். ஆதலின் இக்கட்டுச் சில மணி நேரத்திற்கே உரியது.

4. உலோகக் குழாய் உராய்ந்து ஓட்டையாதல்: ஓட்டையுள்ள இடத்தில் குழாயை அறுத்து, அரத்தூளை நன்கு நீக்கி, இரு முனைகளையும் டீஸலுக்குரிய ரப்பர் குழாய்த் துண்டொன்றில் செலுத்தி, இருபுறமும் கிளிப்புப் போடவேண்டும்.

5. டாங்கியில் சிறு துளை: துணி சோப்புக் கட்டியைத் துளையின்மேல் அழுத்தித் தேய்த்தால், அது அடைபட்டு நிற்கும். டீஸல் சோப்பைக் கரைப்பதில்லை, தண்ணீர் கரைக்கும்.

திரும்பும் குழாய் ஒழுகுகிறதென்று அதன் வாயை அடைத்துவிடலாகாது. எண்ணெய் போக்கிடமின்றி வேறு மூட்டுகளில் ஒழுகத் தலைப்படும்.

காற்றை வெளியேற்றுதல்

குழாயைச் சரிசெய்த பின்னரும் உள்ளே காற்று நின்றால் என்ஜின் கிளம்பாது. வடிகட்டியின் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். முதலில் நுரையுடன் வரும் எண்ணெய், பின்னர் குமிழியின்றித் தெளிவாக வரும். அப்பொழுது திருகை மூடவேண்டும். சிந்திய எண்ணெயைத் துடைத்தபின் என்ஜினைக் கிளப்பி, ஐந்து நிமிஷம் மெதுவாக ஓடவிட்டுக் கட்டைக் கவனிக்கவேண்டும். பிறகு இரண்டு கிலோமீட்டர் சென்று நிறுத்தி மறுபடியும் பார்க்கவேண்டும். பாரவண்டியைக் கழற்றிவிட்டுச் செல்லுதல் உத்தமம்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டுவன

சாலையில் சிந்திய டீஸல் தார் மேல் வழுக்கலாகி, இருசக்கர வண்டிகளை விழச் செய்யும். அவ்விடத்தில் மணலோ உலர்ந்த மண்ணோ தூவி, ஊறியபின் அள்ளி அப்புறப்படுத்தச் செய்யவேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் சென்று நீரைக் கெடுக்கும்.

இரண்டு ஸ்பேனர், நான்கு கிளிப்பு, ஒரு முழ ரப்பர் குழாய், செம்பு வாஷர் சில, சைக்கிள் டியூப் துண்டு, சோப்புக் கட்டி ஆகியவற்றை ஒரு பையிலிட்டு வண்டியிலேயே வைத்திருத்தல் சிறிய செலவே. வழியில் போட்ட கட்டு எவ்வளவு நன்றாக நின்றாலும், பட்டறை சேர்ந்த அன்றே அதனை அவிழ்த்துப் புதுக் குழாய் போட்டுவிட வேண்டும். எஃகுக் குழாயில் ஒழுக்கு என்றால், வண்டி ஒரு நாள் வீணாய் நின்றாலும் நிற்கட்டும். உழுது பயிரிடும் கை அதனினும் விலைமதிப்புள்ளது.