பாட்டு வாத்தியார்

'ஏக் தூஜே கே லியே' படத்து லிஃப்ட் காட்சியை மறந்தவர்கள் குறைவு. ஹிந்தி தெரியாத தமிழ்ப் பையன் வாசு, தனக்குத் தெரிந்த ஹிந்திப் படப் பெயர்களையெல்லாம் கோத்து சப்னாவிடம் ஒரு காதல் பாட்டே பாடிவிடுவான். 1981-ல் வந்த அந்தப் படத்தை நாடே ரசித்தது. மும்பைத் தமிழர்களுக்கு ரசிக்கக் கூடுதலாக ஒரு காரணம் இருந்தது. வாசு செய்ததைத்தான் அவர்களும் செய்து இந்த ஊரில் காலூன்றியிருந்தார்கள்.

அந்தப் படத்துக்கு எஸ்.பி.பி. பாடவந்தபோது, அவருடைய ஹிந்தியில் தெற்கத்தி வாடை அடிக்கிறதே என்று இசையமைப்பாளர்கள் தயங்கியதாகச் சொல்வார்கள். கதாநாயகனே தமிழன், அவன் அப்படித்தான் பாடுவான் என்று இயக்குநர் பாலசந்தர் உறுதியாக நின்றார். அந்தப் படத்தில் பாடியதற்குத்தான் எஸ்.பி.பி.க்குத் தேசிய விருது வந்தது.

செம்பூரை ஒட்டிய திலக் நகரில் வாசுவின் கதையை வீட்டுக்கு வீடு கேட்கலாம். ஹார்பர் லைனில் குர்லாவுக்கும் செம்பூருக்கும் நடுவில் இருக்கிற ஸ்டேஷன் இது. இன்றைக்கு கோவை, சென்னை ரயில்கள் வந்து நிற்கும் லோக்மான்ய திலக் டெர்மினஸ் கூப்பிடு தூரம். அந்தக் காலத்தில் தாதரிலோ வி.டி.யிலோ இறங்கி, உறவுக்காரர் வீட்டில் ஒண்டி, அப்புறம் ஹவுசிங் போர்டு காலனியில் ஒரு வீடு பிடித்தவர்கள்தான் பெரும்பாலும். ஆண்களுக்கு ஆபீஸிலும் ஃபேக்டரியிலும் நாலு பேரிடம் பேசி ஹிந்தி வந்துவிட்டது. வீட்டிலிருந்த பெண்களுக்கு ரேடியோதான் வாத்தியார்.

அந்த வாத்தியாருக்கு இலங்கையிலிருந்து ஒரு குரல் கிடைத்தது. ஆல் இந்தியா ரேடியோ சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்த 1952-ல், ரேடியோ சிலோனில் ஹிந்திப் பாட்டு வரிசை நிகழ்ச்சியைத் தொடங்கினார் அமீன் சயானி. 2024 பிப்ரவரியில் அவர் காலமானபோது மும்பைத் தமிழ்க் குடும்பங்களிலும் துக்கம் இருந்தது. அந்த நிகழ்ச்சி வரும் புதன்கிழமை இரவானால் அன்று காலனியே ஒரே ரேடியோவாகிவிடும். 1957 அக்டோபரில் விவித் பாரதி வந்ததும் நாள் முழுக்கப் பாட்டு. சயானி பேசிய ஹிந்தி பண்டித ஹிந்தி இல்லை. நிறுத்தி நிதானமாக, ரிக்‌ஷாக்காரருக்கும் புரிகிற ஹிந்துஸ்தானி. பாட்டுக்கு முன்னால் அவர் சொல்லும் நாலு வாக்கியம் பாடம், பின்னால் வரும் மூன்று நிமிடப் பாட்டு பயிற்சி. அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டே கற்கக்கூடிய பாடத்திட்டம் இதுபோல வேறொன்று கிடையாது.

ஏன் பாட்டு ஒட்டிக்கொள்கிறது? எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேருக்கு, அவர்களுக்குத் துளியும் தெரியாத ஹங்கேரிய மொழித் தொடர்களை 15 நிமிடம் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு குழு சாதாரணமாகத் திருப்பிச் சொன்னது, இன்னொன்று தாளத்தோடு சொன்னது, மூன்றாவது பாடியது. பாடிக் கற்றவர்களுக்கே அந்தத் தொடர்கள் நன்றாக நினைவில் நின்றன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் பாட்டைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடவில்லை, கூடவே பாடினார்கள். காதில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் தூங்குகிறவருக்கு எந்த மொழியும் வராது. நம் பாகவதர்களுக்கு இது புதுச் செய்தியே இல்லை. அவர்கள் ஒரு வரி பாட, கூட்டம் அதைத் திருப்பிப் பாட, துக்காராமின் மராத்தி அபங்கங்கள் நம்மூர் பஜனை மடங்களில் தலைமுறை தலைமுறையாக நின்றிருக்கின்றன. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மராத்தியில் கறிகாய் பேரம் பேசத் திணறும் பெரியவர்கள், பஜனை என்று உட்கார்ந்துவிட்டால் சொல் பிசகாமல் விட்டலனைப் பாடுவதை எந்த ஏகாதசியிலும் பார்க்கலாம்.

பாட்டு வாத்தியாரிடம் குறையும் உண்டு. ஹிந்தியில் 'போகிறேன்' என்று ஆண் சொன்னால் 'ஜாத்தா ஹூம்', பெண் சொன்னால் 'ஜாத்தீ ஹூம்'. நமக்கு அந்த வேற்றுமையே கிடையாது. கிஷோர் குமாரையே கேட்டுப் பழகிய பெண் ரேஷன் கடையில் ஆண்பாலில் பேசுவாள். லதா பைத்தியமான இளைஞன் பெண்பாலில் பேசிவிட்டு, எல்லாரும் ஏன் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று விழிப்பான். மரியாதையிலும் இதே சங்கடம். சினிமாக் காதலர்கள் ஒருவரையொருவர் பெரும்பாலும் 'தும்' என்றே கொஞ்சிக்கொள்வார்கள். அதை அப்படியே மேனேஜரிடம் போய்ச் சொன்னால் என்ன ஆகும்? 'ஆப்' என்ற ஒன்று இருப்பதே அப்புறம்தான் தெரியவரும். இது போக, பாட்டில் வருவது முக்கால்வாசி உருதுக் கவிஞர்களின் சொல்வளம். நிலவுக்கும் நெஞ்சுக்கும் மது மயக்கத்துக்கும் பத்துப் பத்துச் சொல் தெரியும். வெண்டைக்காய்க்கு ஒன்று தெரியாது.

இதையெல்லாம் திருத்தியது தெரு. மறுநாள் காலை பாஜிவாலி சிரித்துக்கொண்டே சரியானதைச் சொல்லித்தருவாள். குழாயடியில் குஜராத்திக்காரி, மாடிப்படியில் மராத்திக்காரி, பால் ஊற்றும் பையா, எல்லாருமே வாத்தியார்கள். இரவு பாட்டில் கேட்டதைக் காலையில் தெருவில் பேசிப் பார்க்கலாம். பாட்டால் மொழி வரும் என்று சொல்கிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பாட்டு வாயைத் திறந்துவைக்கும், அவ்வளவுதான். மிச்சத்துக்குத் தப்பைப் பொறுத்துக்கொண்டு பதில் பேச ஓர் ஆள் வேண்டும்.

பிள்ளைகளுக்கு மராத்தி இன்னும் சுலபமாக வந்தது. திலகர் 1893-ல் பொது விழாவாக்கிய கணேசோற்சவத்தை, அவர் பெயர் தாங்கிய நகரில் விடுவார்களா? பந்தலும் கூட்டமுமாகப் பத்து நாள் அமர்க்களப்படும். காலையும் மாலையும் ராமதாசரின் ஆரத்திப் பாட்டு. தட்டில் கற்பூரம், கையில் ஜால்ரா, பக்கத்தில் மராத்திப் பையன்கள். நாலு வயதுத் தமிழ்க் குழந்தை முதல் வருஷம் வெறுமனே வாயசைக்கும், அடுத்த வருஷம் வரி முடிவுகளை மட்டும் பிடிக்கும், மூன்றாம் வருஷம் பிரசாதத்துக்காக முன்வரிசையில் நின்று முழுசாகப் பாடும். மராத்தி நம் நாக்குக்குத் தோதான மொழியும்கூட. அவர்கள் அந்தத் தலைவரை 'டிளக்' என்று அழுத்தி ள போட்டுத்தான் சொல்கிறார்கள். அந்த ள ஹிந்திக்காரருக்குத் தடுக்கும், தமிழ்க் குழந்தைக்குத் தடுக்காது.

பாட்டைக் காதால் மட்டுமே கற்றதில் அன்று ஒரு லாபமும் இருந்தது. ஹிந்தியில் 'கானா' என்றால் சாப்பாடா பாட்டா என்பது முதல் எழுத்தின் ஒலியில் இருக்கிறது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ஹிந்திப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடியவர்கள் கடைசிவரை சாப்பாட்டைப் பாடினார்கள், பாட்டைச் சாப்பிட்டார்கள். ரேடியோவை நம்பியவர்கள் தப்பித்தார்கள். பாட்டைத் தொழிலாகவே எடுத்துக்கொண்டவர்கள் இன்னும் மெனக்கெட்டார்கள். லதா மங்கேஷ்கரின் உச்சரிப்பில் மராத்தி வாடை இருப்பதாக திலீப் குமார் ஒருமுறை சொல்லிவிட, அவர் ஆசிரியர் வைத்து உருது படித்தார். மாட்டுங்காவில் வளர்ந்த ஹரிஹரன் கஜலுக்காகவே உருது கற்றார். பின்னாளில் அவருக்கு ஹிந்திப் பாட்டுக்கு ஒரு தேசிய விருதும் மராத்திப் பாட்டுக்கு ஒரு தேசிய விருதும் கிடைத்தன. செம்பூர்ப் பிள்ளையான ஷங்கர் மகாதேவனுக்கோ 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தின் தமிழ்ப் பாட்டுக்கு.

இதுவரை சொன்னது தாத்தா பாட்டிகளின் கதை. இப்போது அதே திலக் நகரில் பாட்டுக் கேட்டு வேற்று மொழி கற்கிற ஒரு தலைமுறை வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வேற்று மொழி தமிழ்.

பழைய காலனிக் கட்டடங்கள் இடிந்து, அந்த இடத்தில் லிஃப்ட் வைத்த டவர்கள் வந்துவிட்டன. பேரப்பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியம். விளையாட்டு ஹிந்தியில், பள்ளியில் கட்டாய மராத்தி, வீட்டில் அப்பா அம்மா பேசுவதே பாதி ஹிந்தி. அவர்களிடம் தமிழைக் கொண்டுவந்து சேர்ப்பது பாட்டு மட்டும்தான். அனிருத் பாட்டு வந்த அன்றே மனப்பாடம் ஆகிவிடுகிறது. ஒரு எழுத்து பிசகாமல் பாடுவதாக அவர்கள் நினைக்கிறார்கள். என் கவலை இங்கேதான்.

லிரிக் வீடியோ என்று வருகிறதே, அதில் பல பாட்டுகளுக்கு வரிகள் ஆங்கில எழுத்தில்தான் ஓடுகின்றன. அதில் சில சமயம் மழையும் மலையும் ஒன்றாகிவிடும். பல்லியும் பள்ளியும் ஒன்று. ஹிந்திப் பாட்டைத் தமிழ் எழுத்தில் படித்தவர் செய்த அதே தப்பை, தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் படிக்கும் பிள்ளை செய்கிறது. அன்று திருத்தத் தெரு இருந்தது. இன்று தமிழுக்குத் திலக் நகரில் தெரு கிடையாது. திருத்த வீட்டில் ஒரே ஓர் ஆள்தான் மிச்சம்.

"எல, அது மலை இல்ல, மழை. நாக்க மடிச்சுச் சொல்லு."

"ஆச்சி, ஸ்க்ரீன்ல அப்படித்தான் போட்டிருக்கு, பாரு."

"ஸ்க்ரீன்ல ஆயிரம் போடுவான். திருநெல்வேலிக்குப் போய் மலை பெய்யுதுன்னு சொல்லிப் பாரு, தெரியும்."

பத்து வயதுப் பேரன் திரையைக் காட்டுகிறான். ஆச்சிக்கு அந்த ஆங்கில எழுத்தைப் படிக்கத் தெரியாது. பேரனுக்கு ஆச்சி படிக்கும் வார இதழைப் படிக்கத் தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருப்பது காது ஒன்றுதான். ஆச்சிக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது என்று அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

எழுத்து எதற்கு, பேசவும் பாடவும் வந்தால் போதாதா என்று கேட்கும் பெற்றோர்கள் உண்டு. அவர்கள் சிரமமும் புரிகிறது. ஆனால் அவர்கள் வீட்டுப் பெண்ணையே கேட்டுப் பார்க்கட்டும். கொரியப் பாட்டுப் பைத்தியம் பிடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகள் மும்பையில் எத்தனையோ பேர். பி.டி.எஸ். பாட்டை ஒழுங்காகப் பாடவேண்டும் என்பதற்காக அவர்களில் பலர் ஹங்குல் எழுத்தைத் தாங்களாகவே கற்கிறார்கள். 15-ஆம் நூற்றாண்டில் மன்னர் செஜோங் சாமானிய மக்களுக்காகச் செய்த எழுத்து அது. அடிப்படை 24 எழுத்து. ஆங்கில எழுத்தில் கொரியப் பாட்டைப் படித்தால் உச்சரிப்பு கெட்டுப்போகும் என்று உலகெங்கும் உள்ள ரசிகர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த ரோஷம் தமிழ்ப் பாட்டுக்கு ஏன் வரவில்லை? கொரிய எழுத்தைப் படிக்கிற தமிழ்ப் பெண்ணுக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்றால், அவளுக்குத் திறமை இல்லை என்று சொல்ல முடியாது. அவள் பாடுகிற பாட்டோடு அந்த எழுத்தை நாம் சேர்த்துக் கொடுக்கவில்லை, அதுதான் காரணம். 247 என்று சொல்லி முதல் நாளே பயமுறுத்திவிட்டோம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மற்ற 216-ம் இவற்றின் சேர்க்கை என்று சொல்லியிருந்தால் ஹங்குலைக் கற்ற பிள்ளை இதையும் கற்றிருக்கும்.

மும்பை மாநகராட்சி நடத்தும் பள்ளிகளில் தமிழ் மீடியம் இன்னும் இருக்கிறது. நடுத்தரக் குடும்பங்கள் அங்கே பிள்ளைகளை அனுப்பப்போவதில்லை, அதைப் பேசிப் பயனில்லை. பிள்ளை இருக்குமிடத்துக்கு எழுத்து போகவேண்டும். பிள்ளை இருப்பது பாட்டில்.

இதற்கு வழிகாட்டி அமீன் சயானியின் வீட்டிலேயே இருக்கிறது. அவருடைய தாயார் குல்சும் சயானி, பம்பாயில் முதியோர் கல்விக்காக உழைத்தவர். 1940 முதல் 1960 வரை 'ரஹ்பர்' என்ற பத்திரிகையை நடத்தினார். புதிதாக எழுத்தறிந்தவர்களுக்கான எளிய ஹிந்துஸ்தானி. காந்தி விரும்பிய மொழிநடை. அந்த ஒரே ஹிந்துஸ்தானியை தேவநாகரி, உருது, குஜராத்தி என்று மூன்று எழுத்துகளில் அச்சிட்டார். யாருக்கு எந்த எழுத்து தெரியுமோ அதன் வழியாக மொழிக்குள் வரட்டும் என்ற எண்ணம். சிறுவன் அமீன் அந்தப் பத்திரிகை வேலையில் அம்மாவுக்கு உதவித்தான் அந்த எளிய நடையைக் கற்றார். புதன்கிழமை இரவுகளில் நம் பாட்டிகளுக்கு ஹிந்தி சொல்லிக்கொடுத்தது, ஒருவகையில் குல்சும் அம்மாளின் பத்திரிகைதான்.

திலக் நகர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் மராத்தி வழியாக தேவநாகரி தெரியும். அதில் ள உண்டு, ண உண்டு; ஆங்கில எழுத்தைவிடத் தமிழுக்கு எவ்வளவோ நெருக்கம். ஒரு தாளில் முதல் வரி தமிழ் எழுத்தில் பெரிதாக, அதற்கு நேர் கீழே அதே வரி தேவநாகரியில், தேவநாகரி பிடிகொடுக்காத ழ வருமிடமெல்லாம் சிவப்பு மையில். இப்படிப் பத்துப் பாட்டு போதும். பக்திப் பாட்டுதான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம், பிள்ளைகள் ஏற்கெனவே மனப்பாடமாகப் பாடுகிற சினிமாப் பாட்டாகவே இருக்கட்டும். சத்தம் காதில் இருப்பதால் எழுத்தைக் கண் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும். ஹங்குல் படித்த பெண்ணை டவரின் சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியாராகப் போடுங்கள், அவளுக்குத்தான் எழுத்தைப் பிடிக்கும் வித்தை தெரியும். ழ வருமிடத்தில் ஆச்சியைக் கூப்பிடுங்கள். செட்டா நகர் முருகன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது, நவராத்திரிக் கொலுவுக்குப் பிள்ளைகள் வீடு வீடாகப் போகிறார்கள், பொங்கலுக்கு சொசைட்டி ஹாலில் மைக் போடுகிறார்கள். மும்பையில் தமிழ்ச் சங்கம் நடத்துகிறவர்கள் இந்த வருஷக் கொலுவுக்கு முன்னால் அந்தப் பத்துத் தாளை அச்சடித்துவிடவேண்டும்.