விதைப்புக் கருவியின் உருளையைச் சோதித்த பின்பே விதைப்பு

மானாவாரி நிலத்தில் மழைக்குப் பின் விதைப்புக்கேற்ற ஈரப்பதம் சில நாட்களே நிற்கும். அதற்குள் விதைத்து முடிக்க டிராக்டரில் இணைக்கும் விதைப்புக் கருவி பெரிதும் கைகொடுக்கிறது. ஆனால் கருவி வயலை விட்டுப் போன பிறகு, பயிர் முளைத்து வரும்போதுதான் சில சமயம் ஒரு வரிசை முழுவதும் வெறுமையாகக் கிடப்பது தெரியவரும். ஆறு வரிசைக் கருவியில் ஒரு குழாய் அடைத்துக் கொண்டால், வயலில் ஆறில் ஒரு பங்கு விதைக்கப்படாமல் போயிற்று என்று பொருள். மறுபடி விதைக்கலாம் என்றால் ஈரம் இராது; கையில் விதையும் இராது.

இத்தகைய நஷ்டம் பெரும்பாலும் விதைப் பெட்டியின் அடியில் சுழலும் சிறு உருளையிலோ, அதன் கீழுள்ள குழாயிலோ தொடங்குகிறது. விதைக்கு முன் அரைமணி நேரம் ஒதுக்கி இவற்றைச் சோதித்துக் கொண்டால் இதைத் தவிர்க்கலாம்.

உருளை வேலை செய்யும் விதம்

உருளையைச் சுற்றிலும் பள்ளங்கள் உண்டு. பெட்டியிலுள்ள விதை மேலிருந்து பள்ளத்தில் நிறைகிறது. உருளை சுழன்று கீழே வரும்போது குழாயில் கொட்டுகிறது. தவிட்டையும் தீவனத் தூளையும் அளந்து இறக்க ஆலைகளில் பொருத்தும் சுழல் வால்வும் இதே முறையில்தான் இயங்குகிறது. இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் என்பவர் 1701ஆம் ஆண்டுவாக்கில் அமைத்த விதைப்புக் கருவியிலும் பள்ளம் வெட்டிய உருளையே விதையை அளந்தது.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. உருளை விதையை எடை போடுவதில்லை. படியால் அளப்பது போலக் கொள்ளளவால் அளக்கிறது. விதை பருமனாக இருந்தாலும், சிறுத்திருந்தாலும், மருந்துத் தூள் ஒட்டியிருந்தாலும், ஈரமாக இருந்தாலும் விழும் எடை மாறும். எனவே சென்ற ஆண்டு வைத்த அளவு இந்த ஆண்டு விதைக்கும் பொருந்தும் என்று எண்ணக் கூடாது. பக்கத்து வயலுக்கு வைத்த அளவும் அப்படியே.

எந்த விதைக்கு எந்த உருளை?

நீளவாக்கில் வரிப்பள்ளம் உள்ள உருளை உளுந்து, பாசிப்பயறு, சோளம், கம்பு போன்ற விதைகளுக்கு ஏற்றது. உருளையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் பெட்டிக்குள் தெரியும் நீளம் கூடும் அல்லது குறையும். விழும் விதையும் அதற்கேற்ப மாறும்.

நிலக்கடலைப் பருப்புக்கு இந்த உருளை ஆகாது. உருளைக்கும் அதன் கூட்டுக்கும் இடையே சிக்கிப் பருப்பு பிளந்துவிடும். தோல் உரிந்த பருப்பும் சரியாக முளைக்காது. நிலக்கடலைக்கும் மக்காச்சோளத்துக்கும் ஓரத்தில் குழிகள் உள்ள சாய்தட்டே நல்லது. குழிக்கு ஒன்றாக விதையை எடுத்து மேலே கொண்டுபோய்க் குழாயில் விடும். குழி விதையைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் போதும். மிகப் பெரிதானால் இரண்டு விதை விழும். சிறிதானால் குழி காலியாகச் சுற்றும். விதையைச் சல்லடையில் சலித்து ஒரே பருமனாக்கிக் கொள்வது நலம்.

கருவி வாங்குவோரும் வாடகைக்கு எடுப்போரும் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். எல்லா உருளைகளும் ஆட்டமின்றி ஒன்றாகச் சுற்றுகின்றனவா, பெட்டிக்குள் ஒரே நீளம் தெரிகிறதா, பள்ளத்தின் விளிம்பு தேய்ந்தோ உடைந்தோ உள்ளதா என்று கவனிக்க வேண்டும். தமது பயிருக்கேற்ற தட்டு கருவியுடன் உண்டா என்று முன்பே கேட்டுக் கொள்வது அவசியம்.

உருளை விதையை உடைக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. மூட்டையிலிருந்து 100 விதையும், உருளை வழியே விழுந்ததில் 100 விதையும் எடுத்துத் தனித்தனியே ஈரச் சாக்கில் முளைக்க வைக்க வேண்டும். இரண்டாவதில் முளைப்பு நன்றாகக் குறைந்திருந்தால் உருளையை மாற்றியாக வேண்டும்.

விதை அளவைச் சரிபார்த்தல்

30 செ.மீ. இடைவெளியில் ஆறு வரிசை விதைக்கும் கருவியை எடுத்துக் கொள்வோம். கருவியின் அகலம் 1.8 மீட்டர். உருளையைச் சுழற்றுவது தரையில் உருளும் சக்கரமே. அதன் சுற்றளவை நூலால் அளக்க வேண்டும். சக்கரத்தின் விட்டம் 40 செ.மீ. என்றால் சுற்றளவு 1.26 மீட்டர். ஆகவே சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் சுமார் 2.27 சதுர மீட்டர் விதைக்கப்படும். ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். எனவே 18 சுற்றுக்கு ஒரு சென்ட். 90 சுற்றுக்கு 5 சென்ட்.

ஏக்கருக்கு 8 கிலோ உளுந்து விதைப்பதானால் 5 சென்டுக்கு 400 கிராம் விழ வேண்டும். கருவியைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, கட்டை கொடுத்து, டிராக்டர் என்ஜினை அணைத்துவிட வேண்டும். பெட்டியில் பாதியளவு விதையை நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் ஒரு பையைக் கட்ட வேண்டும். பள்ளங்கள் நிறையும்படி சக்கரத்தைச் சில சுற்று சுற்றி, விழுந்ததைப் பெட்டியிலேயே கொட்டிவிட்டு, பிறகு 90 சுற்று எண்ணிச் சுற்ற வேண்டும். விழுந்த விதையை நிறுத்துப் பார்த்து 480 கிராம் இருந்தால் ஏக்கருக்கு 9.6 கிலோ விழும் என்று பொருள். உருளையின் நீளத்தைக் குறைத்து மறுபடி சோதிக்க வேண்டும்.

பைகளைத் தனித்தனியாகவும் நிறுக்க வேண்டும். இக்கணக்கில் ஒரு பையில் 66 அல்லது 67 கிராம் வர வேண்டும். ஒன்றில் 50, மற்றொன்றில் 80 என்று இருந்தால் மொத்தம் சரியாக இருந்தும் பயனில்லை. ஒரு வரிசை நெருங்கும்; இன்னொரு வரிசை கலையும்.

நிலக்கடலைக்கு எடையைவிட எண்ணிக்கையே மேல். செடிக்குச் செடி 10 செ.மீ. வேண்டுமானால் இதே சக்கரம் 10 சுற்று சுற்றும்போது குழாய்க்குச் சுமார் 125 பருப்பு விழ வேண்டும்.

கடைசியாக வயலில் ஒரு சோதனை. சக்கரத்தில் சுண்ணாம்பால் அடையாளமிட்டு, 25 மீட்டர் ஓட்டிச் சுற்றுகளை எண்ண வேண்டும். 20 சுற்று வர வேண்டும். சக்கரம் வழுக்கி 18 சுற்றே வந்தால் விதையும் பத்தில் ஒரு பங்கு குறையும். அதற்கேற்ப உருளையைத் திறந்துவிட வேண்டும்.

விதைக்கும்போது கவனிக்க வேண்டியவை

ரைசோபியம் கலந்த விதையை நிழலில் நன்றாக உலர்த்திய பிறகே பெட்டியில் கொட்ட வேண்டும். கஞ்சியின் ஈரம் இருந்தால் விதை பள்ளத்தில் ஒட்டிக் கொள்ளும். மருந்து கலந்த பிறகே அளவைச் சோதிக்க வேண்டும்.

டிராக்டரை நடைவேகத்தில் ஓட்டினால் போதும். வேகம் கூடினால் சாய்தட்டின் குழிகள் நிறையாது. கொழுவை, வண்டி முன்னே நகரும்போதுதான் இறக்க வேண்டும். இறக்கியபடி பின்னால் எடுத்தால் குழாயில் மண் ஏறி அடைக்கும். கருவியின் பின்னால் ஒருவர் நடந்து எல்லாக் குழாயிலும் விதை விழுவதைப் பார்த்து வர வேண்டும். அடைப்பை நீக்க வண்டியை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும். சக்கரம் சுற்றும்போது உருளையில் விரல் வைத்தால் விரல் போய்விடும்.

பராமரிப்பு

உருளைக்குப் பெரும் பகை உரம். யூரியாவும் பொட்டாஷும் காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியாகி, இரும்பை அரித்துவிடும். மிஞ்சிய உரத்தை அன்று மாலையே எடுத்துவிட வேண்டும். பெட்டியையும் உருளையையும் நீர்விட்டுக் கழுவி, வெயிலில் உலர்த்தி, இரும்புப் பாகங்களில் எண்ணெய் தடவ வேண்டும். கட்டியான உரத்தை உடைத்துச் சலிக்காமல் பெட்டியில் கொட்டக் கூடாது.

பருவம் முடிந்ததும் விதைப் பெட்டியை முழுவதும் காலி செய்ய வேண்டும். விதை கிடந்தால் எலி வரும், குழாயையும் கடிக்கும். மருந்து கலந்த விதையைக் கோழிக்கோ மாட்டுக்கோ போடக் கூடாது. சங்கிலிக்கு எண்ணெயும் பேரிங்குகளுக்குக் கிரீஸும் இட்டு, கருவியைக் கூரையின் கீழ்க் கட்டைமேல் நிறுத்த வேண்டும். வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் குழாய்கள் வெடித்துப் போகும்.

வாடகைக் கருவி நேற்று யார் வயலில் எந்த உரத்தோடு ஓடியது என்பது தெரியாது. ஆகவே சொந்தக் கருவியைவிட வாடகைக் கருவிக்கே இச்சோதனை அதிகம் தேவை. ஒரு தராசும் ஆறு பைகளும் இருந்தால் போதும். கருவி வரும் நாளுக்கு முன்பே இவற்றை எடுத்து வைத்துக் கொள்வது நலம்.