ஆயிரம் வரிகளுக்கு ஓர் இடாப்பு

பாடசாலை இடாப்பில் ஒரு வரியை நேயர்கள் மனக்கண்ணிற் கொள்வார்களாக: சுட்டெண், வயது, புள்ளிகள். இவ்வாறு பல விவரங்களை ஒரே அலகாகப் பிணைத்து வைப்பதைக் கணினி நிரலாளர் 'ஸ்ட்ரக்ட்' என்பர். இத்தகைய ஆயிரம் வரிகளை நினைவகத்தில் அமைக்கும்போது, அவற்றிற்குத் தொடக்கப் பெறுமதி இடுவது எங்ஙனம்?

1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி வகுத்தது சீ மொழி. அதில் 'மலொக்' என்னும் கட்டளை இடத்தை ஒதுக்கித் தருமேயன்றித் துடைத்துத் தருவதில்லை. அந்நிரல் முன்னர் அங்கு எழுதியவற்றின் எச்சம் அப்படியே கிடக்கலாம். அதனை ஒரு மாணவனின் வயதென வாசித்தால் விடை பொய்யாகும். அதிலும் கொடிது, கடவுச்சொல்லொன்றின் துணுக்கு அங்கிருந்து வெளியார் கைக்குப் போய்விடக்கூடும் என்பது. 'கலொக்' என்னும் மற்றைய கட்டளையோ இடம் முழுவதையும் பூச்சியமாக்கித் தரும். ஆயினும், எல்லா வரிகளையும் உடனே உண்மை விவரங்களால் நிரப்பப் போகின்றவருக்கு அது பெரும்பாலும் இரட்டை வேலையே.

2015இல் முதலாம் பதிப்பு வெளியான ரஸ்ட் மொழியில், பெறுமதி இடப்படாத மாறியை வாசிக்க முயலும் நிரலைத் தொகுப்பி ஏற்பதில்லை. ஆனால் தாமதம் வேறு வழியாக நுழையலாம். 'வெக்' எனப்படும் நீளும் பட்டியலை வெறுமையாகத் தொடங்கி வரிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தால், இடம் நிரம்பும்போதெல்லாம் அது இருமடங்கு இடம் தேடும். இன்றைய அமைப்பில் நமது சிறிய வரிகளுக்கு 4, 8, 16 என 1024 வரை இடம் வளரும். முதல் ஒதுக்கீட்டின் பின் எட்டு முறை விரிவு. பழைய வரிகளைப் பெயர்த்தெழுதுவது மொத்தம் 1020 தடவை வரை செல்லலாம். எண்ணிக்கை முன்னரே தெரியுமாயின், 'வித் கப்பாசிற்றி' என்னும் கட்டளையால் ஆயிரத்துக்கும் ஒரே முறையில் இடம் பெறலாம். பின்னர் ஒவ்வொரு வரியும் ஒரே தடவை எழுதப்படும்.

மாதிரி வரியொன்றை ஆயிரமாகப் பிரதி செய்யும் சுருக்க வழியும் உண்டு. எண்கள் மட்டும் உள்ள வரிக்கு அது மிகப் பொருந்தும். மாணவனின் பெயரும் மாதிரியில் எழுதப்பட்டிருந்தால், பிரதிதோறும் அப்பெயருக்குத் தனியிடம் ஒதுக்க நேரும்.

2019இல் நிலைபெற்ற 'மேபி அன்இனிற்' என்னும் வசதி, பெறுமதி இடாத இடத்தையே கையாள விடுகிறது. அங்கு எல்லா வரிகளும் நிரம்பினவென்று உறுதிகூறும் பொறுப்பு தொகுப்பியிடமிருந்து நிரலாளரிடம் வந்துவிடுகிறது. சாதாரண இடாப்புக்கு அத்துணிவு வேண்டியதில்லை. முன்கூட்டி இடம் ஒதுக்கிய பட்டியலே அதே பயனைத் தருகிறது.