பின்சீட்டு நீதிபதி

ஆத்தூர் தாண்டி ஒரு டீக்கடை. வண்டியை ஓரம் கட்டினேன். என் மனைவி இறங்கினாள். இறங்கினாள் என்று எழுதுவது ஒரு மரியாதைக்காக. உண்மையில் பார்சலைப் பிரித்து எடுப்பதுபோல்தான் அவளை சீட்டிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள். டீ வருவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது.

"நீங்க வண்டியில வாங்க. நான் இங்கேருந்து பஸ்ல வந்துடறேன்."

2023 டிசம்பர். சென்னையிலிருந்து கொல்லிமலைக்கு மோட்டார் சைக்கிளில் போவது என்பது என் பல நாள் கனவு. 350 சி.சி. வண்டி, தவணை பாக்கி பதினோரு மாதம், ஆபீஸில் கெஞ்சி வாங்கிய இரண்டு நாள் லீவு. பின்பக்கம் இருபுறமும் இரண்டு பைகள் வேறு. ஒவ்வொரு பாலத்து இணைப்பிலும் வண்டி 'டமார்' என்று விழும். அப்புறம் மூன்று முறை குதிக்கும். எனக்குப் பிடித்துக்கொள்ள ஹாண்டில்பார் இருந்தது. அவளுக்கு நான் மட்டும்தான் இருந்தேன்.

"சீட்டுக்கு ஒரு குஷன் வாங்கிப் போட்டுடலாம்" என்றேன் சமாதானமாக.

"குஷன் வேண்டியது எனக்கா, உங்க வண்டிக்கா?"

அப்போது பதில் தெரியவில்லை. ஒரு வழியாகச் சமாதானமாகி ஏறிக்கொண்டாள். காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஒழுங்காகவே போயின. வினை மறுநாள் இறங்கும்போது காத்திருந்தது.

ஒரு வளைவு. பஸ்கள் பிரேக் போட்டுப் போட்டு, ரோடு துணி துவைக்கும் பலகைபோல் அலை அலையாக இருந்தது. நான் பிரேக்கைத் தொட்டேன். முன்பக்கம் 'டக்' என்று அடிவரை அமுங்கியது. பின்சக்கரம் தத்தித் தத்தித் துள்ள ஆரம்பித்தது. வண்டி நான் நினைத்த கோட்டை விட்டு விலகி, எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. எதிரே ஒரு மினி பஸ். அந்த டிரைவர் புண்ணியவான், சட்டென்று நிறுத்திவிட்டார். ஒரு கை நீள இடைவெளியில் தப்பினோம்.

காரவள்ளி வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. அங்கே வந்ததும் அவள் சொன்னது ஒன்றுதான்: "இது வெறும் முதுகுவலி சமாச்சாரம் இல்லை போலிருக்கே."

நூற்றுக்கு நூறு உண்மை. முதுகை உடைக்கிற அதே கோளாறுதான் டயரைத் தரையை விட்டுத் தூக்குகிறது. தரையைத் தொடாத டயருக்கு பிரேக்கும் கிடையாது, திருப்பமும் கிடையாது.

ஸ்பிரிங் தூக்கும், ஆயில் அடக்கும்

சென்னை திரும்பியதும் புதுப்பேட்டையில் நம்ம மெக்கானிக் பாயிடம் போய் நின்றேன்.

"பாய், நல்லா மெத்துன்னு இருக்கிற மாதிரி ஒரு ஷாக் போட்டுடுங்க."

"மெத்துன்னு வேணும்னா மெத்தைக் கடைக்குப் போங்க சார்" என்றபடி, வண்டியின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்தி விட்டார். வண்டி எழுந்தது, அமுங்கியது, மறுபடி எழுந்தது, அப்புறம்தான் நின்றது. "பாத்தீங்களா? ஒரு தபா எழுந்து கம்முனு நிக்கணும். இது ஊஞ்சல் ஆடுது. ஸ்பிரிங்கு தூக்கும் சார், ஆயிலுதான் அடக்கும். உங்களுக்கு ஆயிலு செத்துப்போச்சு."

சஸ்பென்ஷன் சாஸ்திரம் மொத்தமும் இந்த இரண்டு வரியில் அடங்கிவிடுகிறது. பள்ளத்தில் விழும் அடியை ஸ்பிரிங் வாங்கி வைத்துக்கொள்கிறது. வாங்கியதை வட்டியில்லாமல் அப்படியே திருப்பித் தந்துவிடும். அதுதான் நாம் குதிப்பது. ஷாக் அப்ஸார்பருக்குள் இருக்கும் பிஸ்டன், சின்னச் சின்னத் துளைகள் வழியாக ஆயிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது அந்தத் துள்ளல் சூடாக மாறிக் கரைந்துபோகிறது. நீண்ட தூரம் ஓட்டிய பின் ஷாக் சுடுவது இதனால்தான்.

இந்த ஞானம் மோட்டார் சைக்கிளுக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆயில் அடக்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை முன்பக்கம் வைத்து விற்பனைக்கு வந்த முதல் வண்டி, 1935-ல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர்12. அப்போதும் பல வண்டிகளுக்குப் பின்பக்கம் வெறும் இரும்புச் சட்டம்தான். சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்தான் ஒரே ஆறுதல். 1949-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த 350 சி.சி. புல்லட்டில் பின்சக்கரமும் மேலும் கீழும் அசையும் ஏற்பாடு இருந்தது. அந்த புல்லட்தான் 1955-க்குப் பிறகு நம்ம திருவொற்றியூருக்குக் குடிவந்தது.

காசில்லாத வைத்தியம்

புது ஷாக்குக்கு விலை கேட்டேன். தீபாவளி போனஸ் கண்முன் வந்து, டாட்டா காட்டிவிட்டுப் போனது. பாய் நல்ல மனிதர். "மொதல்ல இருக்கிறத சரி பண்ணுவோம் சார்" என்றார்.

ஒன்று, டயர் காற்று. தனியாகப் போக ஒரு அளவு, பின்னால் ஆள் இருந்தால் வேறு அளவு என்று வண்டியோடு வந்த புத்தகத்திலேயே இருக்கிறது. யார் படித்தோம்?

இரண்டு, பின்ஷாக்கின் அடியில் இருக்கும் படிப்படியான வளையம். இதை டூல்ஸ் பையில் துருப்பிடித்துக் கிடக்கும் அந்தக் கொக்கி ஸ்பேனரால் திருப்பலாம். இதற்கு 'ப்ரீலோட்' என்று பெயர். இதைத் திருப்பினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்றே பலரும் நினைக்கிறோம். இல்லை. ஸ்பிரிங்கின் குணம் மாறாது. வண்டி எந்த உயரத்தில் நிற்கும் என்பதுதான் மாறும்.

சரியான உயரம் எது? டேப்பை எடுங்கள். சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது, அச்சிலிருந்து நேர் மேலே ஒரு புள்ளி வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து, வீட்டம்மா, பை சகிதம் ஏறி உட்காருங்கள். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மறுபடி அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சக்கரம் மொத்தம் அசையக்கூடிய தூரத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில் இருக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் அசையும் சக்கரம் என்றால், சுமார் 30.

என் வண்டியில் 46 வந்தது! என் எடை 78 கிலோ. அவள் எடையை எழுதினால் இந்தக் கட்டுரை வெளிவராது. பாதி தூரத்தை நாங்கள் உட்கார்ந்தே தின்றுவிட்டால் பள்ளத்துக்கு என்ன மிச்சம் இருக்கும்? வளையத்தை இரண்டு படி ஏற்றியதும் 33 ஆனது. இரண்டு பக்க ஷாக்கும் ஒரே படியில் இருக்க வேண்டும் என்பது முக்கியம். இன்னொரு லாபம்: ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணைக் குத்துவதும் நின்றது.

மூன்று, முன்பக்க ஃபோர்க் ஆயில். பாய் கழற்றி ஊற்றியபோது நேற்றைய சாம்பார் மாதிரி வந்தது. எஞ்சின் ஆயிலை ஞாபகமாக மாற்றுகிற நாம் இதை மறந்தே போகிறோம். புத்தகத்தில் சொன்ன ரகம், சொன்ன அளவு, இரண்டு காலிலும் ஒரே மட்டம். கெட்டியான ஆயில் போட்டால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது அமுங்குவது குறையும். ஆனால் சின்னக் கல்லில் ஏறினாலும் மணிக்கட்டில் சுத்தியலால் அடிப்பதுபோல் இருக்கும்.

ஆக மொத்தச் செலவு, குடும்பத்தோடு ஒரு ஓட்டல் சாப்பாடு. மாமல்லபுரம் வரை போய்ப் பார்த்தேன். முன்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்டது. பின்பக்கம்? உயரம் சரி, ஊஞ்சல் மட்டும் நிற்கவில்லை. செத்துப்போன ஷாக்கைப் படி ஏற்றி உயிர்ப்பிக்க முடியாது.

போனஸ் போன வழி

ஜி.பி. ரோட்டுக்குக் கிளம்பினோம். கண்ணைப் பறிக்கிற ரகம் ரகமான ஷாக்குகள். 1976-ல் சுவீடனில் கென்ட் ஓலின் ஆரம்பித்த ஓலின்ஸ் கம்பெனியின் தங்க நிறம் பந்தய உலகத்தில் பிரசித்தம். அதற்காகத் தங்க நிறத்தில் இருப்பதெல்லாம் ஓலின்ஸ் ஆகிவிடாது. 'டப்பா வைத்தது' என்று சொல்லி விற்கும் சிலவற்றில் அந்த டப்பா வெறும் அலங்காரம். மின்னுவதெல்லாம் பொன்னல்ல!

கேட்க வேண்டியது நான்கே கேள்விகள். என் வண்டிக்கு உரிய நீளம்தானா? எங்கள் இருவரின் எடைக்கும் பைக்கும் ஏற்ற ஸ்பிரிங்கா? உள்ளே நைட்ரஜன் வாயு உண்டா? (சூட்டில் ஆயில் நுரைத்துவிட்டால் அடக்கும் சக்தி போய்விடும், வாயுவின் அழுத்தம் நுரைக்க விடாது.) ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு இருக்கிறதா?

அந்தத் திருகைப் பழகுவதற்கும் ஒரு முறை உண்டு. நடுவில் வைத்து, தெரிந்த ரோட்டில் ஓட்டுங்கள். குதித்தால் இரண்டு 'க்ளிக்' இறுக்குங்கள். அடுத்தடுத்த மேடுகளில் எழ நேரமில்லாமல் அமுங்கிக்கொண்டே போய் இடித்தால் இரண்டு 'க்ளிக்' தளர்த்துங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

முன் ஃபோர்க்கிலும் இருவர் பாரம் தாங்கும் ஸ்பிரிங் போட்டுக்கொண்டேன். வாயு அடைத்த ஷாக்கை மட்டும் வீட்டில் பிரித்துப் பார்க்காதீர்கள், ஆபத்து. உயரம் ஏற்றுவது, சட்டத்தை வெட்டுவது போன்ற விபரீதங்களும் வேண்டாம். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு.

போன மாதம் மறுபடி கொல்லிமலை. அதே 70 வளைவு, அதே அலை ரோடு. பிரேக்கைத் தொட்டேன். வண்டி பணிவாகக் குனிந்தது, நிமிர்ந்தது, நான் நினைத்த கோட்டிலேயே திரும்பியது. என் தோளைப் பிடித்திருந்த கை இறுகவில்லை. அதை நான் கவனித்தேன்.

ஊருக்குத் திரும்பும் வழியில் அதே டீக்கடை. தானாகவே இறங்கினாள். இடுப்பில் கை ஊன்றவில்லை. தீர்ப்புக்காகக் கை கட்டி நின்றேன்.

டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "பரவாயில்லை."

என் சமையல், என் சம்பளம், என் சொந்தக்காரர்கள்... இதுவரை எதற்குமே இவ்வளவு உயர்ந்த பாராட்டு கிடைத்ததில்லை. அதை அனுபவித்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"ஏங்க, வால்பாறையில எத்தனை கொண்டை ஊசி?"

"நாற்பது."

"அவ்வளவுதானா?" என்றபடி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் வண்டியருகே போய் நின்றாள்.